அவே மேட்ச்சுக்குப் போனா நிக்கிறதா உக்கார்றதா

போன வாரம் லஞ்ச் டைம்ல கூட வேலை பார்க்கிற தம்பி ஒருத்தன் டிஃபன் பாக்ஸோட பக்கத்துல வந்து உக்காந்தான். "அண்ணா, அடுத்த மாசம் ஃபுட்பால் அவே மேட்ச் ஒண்ணு போலாம்னு இருக்கேன், ஊர்ல இருந்து அப்பா வந்திருக்காரு, அவரையும் கூட்டிட்டுப் போகணும், நல்ல சீட்டா பார்த்து சொல்லுங்கண்ணா"ன்னான்.

நல்ல சீட்டு! சிரிப்பை அடக்கிக்கிட்டேன். அவன் மேல தப்பில்ல, ஹோம் மேட்ச் ரெண்டு மூணு பார்த்திருப்பான், அங்க ஃபேமிலி ஸ்டாண்டுல சிப்ஸ் பாக்கெட்டும் கையுமா எல்லாரும் அமைதியா உக்காந்திருப்பாங்க. அவே மேட்ச்னா நம்ம டீம் எதிர் டீமோட கிரவுண்டுல போய் ஆடுறது, அங்க நம்ம ஆளுங்களுக்கு ஒதுக்கின பகுதிதான் அவே எண்டு, அது வேற உலகம். அங்க டிக்கெட்ல சீட் நம்பர் இருக்கும், போய்ப் பார்த்தா சீட்டும் இருக்கும், உக்கார்றது மட்டும் இருக்காது.

நான் லண்டன்ல க்ராய்டன் வந்து பன்னெண்டு வருஷமாச்சு, வந்த ரெண்டாவது வருஷமே இந்தப் பக்கத்து டீமான கிரிஸ்டல் பேலஸ் பைத்தியம் பிடிச்சிருச்சு, அதுக்கப்புறம் வருஷத்துக்கு அஞ்சாறு அவே மேட்ச்சாவது போயிடுவேன். சீட்டே இல்லாத பழைய டெரஸ்ல நின்னுருக்கேன், சீட்டு முன்னாடி நின்னுருக்கேன், இப்ப வந்திருக்கிற கம்பி வச்ச சீட்டுலயும் நின்னுருக்கேன். உக்காந்து பார்த்தது ரொம்பக் கம்மி. அவனுக்கு அன்னைக்கு அரை மணி நேரம் பேசினதைத்தான் இங்க எழுதுறேன், இதே கேள்வியை வேற நாலு பேரும் கேட்டுட்டாங்க.

முதல்ல எங்க அப்பா கதை. மூணு வருஷம் முன்னாடி மதுரையில இருந்து வந்திருந்தாரு, வயசு 68, ரெண்டு முட்டியும் தேய்மானம். டிக்கெட் எடுக்கும்போது நானும் இந்தத் தம்பி மாதிரியே பெருசா யோசிக்கல, சீட்டு இருக்குல்ல, வேணும்னா உக்காந்துக்கட்டும்னு நெனச்சேன். இருபத்திரெண்டாவது வரிசை. உள்ள போறோம், விசில் ஊத இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, அதுக்குள்ள மொத்த எண்டும் நிக்குது. அப்பா சீட்டை மடக்கி இறக்கி உக்காந்தாரு. அவருக்குத் தெரிஞ்சது முன்னாடி நிக்கிறவரோட ஜீன்ஸ் பாக்கெட்டும் அதுல துருத்திக்கிட்டிருந்த சாவிக்கொத்தும்தான். ரெண்டு நிமிஷம் அதைப் பார்த்துட்டு என்னைப் பார்த்துக் கேட்டாரு, "ஏன்டா, காசு குடுத்து சீட்டு வாங்கிட்டு எல்லாரும் நிக்கிறானுங்க, சீட்டுல முள்ளா இருக்கு?"

பதில் சொல்ல முடியல. நம்ம ஊர்ல சேப்பாக்கத்துல எவனாவது ஓவர் நடுவுல எந்திரிச்சு நின்னா பின்னாடி இருந்து "சார் மறைக்குது, உக்காருங்க சார்"னு ஒரு குரல் வரும், அடுத்த செகண்டு அவன் உக்காந்துருவான். அவே எண்டுல அந்தக் குரலுக்கு மரியாதையே கிடையாது, அதைச் சொல்றதுக்கு ஆளும் கிடையாது. நடுவுல கூட்டத்தைப் பார்த்துக்கிற கிரவுண்டு ஊழியர், ஸ்டூவர்டு ஒருத்தர் வந்து பெரியவரைப் பார்த்து பாவப்பட்டு முன்வரிசையை உக்காரச் சொன்னாரு, எல்லாரும் ரொம்ப மரியாதையா உக்காந்தாங்க, ஸ்டூவர்டு படி இறங்கி முடிக்கிறதுக்குள்ள பந்து எங்க விங்கர் கால்ல வந்துச்சு, மொத்த வரிசையும் எந்திரிச்சிருச்சு. முதல் பாதி முழுக்க அப்பா என் தோளைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு, ரெண்டாவது பாதியில போதும்டான்னு கீழ கான்கோர்ஸ்ங்கிற நடைகூடத்துல டிவியில பார்த்தாரு. டிவியில! நானூறு கிலோமீட்டர் கோச்சுல வந்துட்டு.

அதனால என் மொத்த வாதமும் இதுதான்: அவே எண்டுல நிக்கிறதா உக்கார்றதாங்கிற கேள்விக்குப் பதில் உன் கையில இல்ல, உனக்கு முன்னாடி நிக்கிறவன் கையில இருக்கு. அவன் நின்னா நீ நின்னே ஆகணும். தியேட்டர்ல முதல் வரிசை எந்திரிச்சா கடைசி வரிசை வரைக்கும் எந்திரிக்கிற அதே கணக்கு. அதனால நின்னு பார்க்கிறதுக்குன்னே கட்டின இடமா, உக்கார்றதுக்குக் கட்டின இடத்துல எல்லாரும் நிக்கிறாங்களான்னு பார்க்கிறதுதான் உண்மையான ஒப்பீடு. ரெண்டுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இருக்கு.

ஏன் அவே ஆளுங்க மட்டும் இப்படின்னா, காரணம் சாதாரணம். நாப்பதாயிரம் பேர் இருக்கிற கிரவுண்டுல அவே டீமுக்கு இங்கிலாந்தோட முதல் டிவிஷனான பிரீமியர் லீக் குடுக்கச் சொல்றது மூவாயிரம் டிக்கெட், சின்ன கிரவுண்டுன்னா கொள்ளளவுல பத்து சதவீதம். அந்த டிக்கெட் லாயல்டி பாயிண்ட்ஸ் அதிகமா வச்சிருக்கிறவனுக்குத்தான் முதல்ல போகும், அதாவது ஒவ்வொரு வாரமும் போற வெறியன். காலைல ஆறு மணிக்குக் கிளம்பி அஞ்சு மணி நேரம் கோச்சுல உக்காந்தே வந்தவன் மறுபடி உக்காரவா வருவான்? மூவாயிரம் பேர் முப்பத்தேழாயிரம் பேரை மீறிக் கத்தணும், உக்காந்துக்கிட்டு வயித்துல இருந்து சத்தம் வராது, கோயில் திருவிழால உக்காந்துக்கிட்டு பறை அடிக்கிறவனை யாராச்சும் பார்த்திருக்கீங்களா.

சரி, சட்டம் என்ன சொல்லுதுன்னா, சீட்டு போட்ட பகுதியில மேட்ச் நடக்கும்போது நிக்கக் கூடாதுங்கிறது கிரவுண்டு ரூல். நின்னா கிரிமினல் குத்தம் இல்ல, ஆனா வெளிய அனுப்பலாம், திரும்பத் திரும்ப நின்னா உங்க கிளப்புக்கு அடுத்த வருஷம் டிக்கெட் எண்ணிக்கையைக் குறைப்போம்னு மிரட்டலாம். மூவாயிரம் பேரையும் வெளிய அனுப்புற ஸ்டூவர்டு இன்னும் பொறக்கல. அதனால முப்பது வருஷமா இது ஒரு கண்ணாமூச்சி ஆட்டம்.

இந்த ரூல் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாம இதைப் பத்திப் பேசக் கூடாது. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டுல ஹில்ஸ்பரோ கிரவுண்டு, எஃப்ஏ கப் செமி ஃபைனல், லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும். ரெண்டு ஊர்க்காரங்களுக்கும் அது வெளியூர் மேட்ச்தான். லிவர்பூல் ஆளுங்களுக்குக் குடுத்தது லெப்பிங்ஸ் லேன் எண்டு, நின்னு பார்க்கிற டிக்கெட் வச்சிருந்தவங்க மட்டும் 10,100 பேர், அவங்க எல்லாரும் நுழைய ஏழே ஏழு டர்ன்ஸ்டைல், ஒரு நேரத்துல ஒருத்தர்தான் நுழையற சுழல் கேட்டு. வெளிய நெரிசல் தாங்காம போலீஸ் ஒரு பெரிய கேட்டைத் திறந்து விட்டுச்சு, கேட்டுக்கு நேரா ஒரு சுரங்கப்பாதை, அது கோல் போஸ்டுக்குப் பின்னாடி வேலி போட்டுப் பிரிச்சு வச்சிருந்த நடு ரெண்டு பட்டிகள்ல போய் முடியும், ஏற்கனவே அது நிரம்பி வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துப் பட்டிகள்ல இடம் இருந்துச்சு, அங்க போங்கன்னு திருப்பி விட ஆளில்ல. முன்னாடி கம்பி வேலி, பக்கவாட்டுலயும் கம்பி வேலி. மூணு மணிக்கு மேட்ச் ஆரம்பிச்சு ஆறு நிமிஷத்துல நிறுத்தினாங்க. 97 உயிர். அந்த எண்டுக்கு மேல் தட்டுல சீட்டு இருந்துச்சு, அங்க இருந்தவங்க குனிஞ்சு கீழ கையை நீட்டி, நசுங்கிக்கிட்டு இருந்தவங்களை ஒவ்வொருத்தரா மேல தூக்கிப் போட்ட காட்சியை ஃபுட்டேஜ்ல பார்த்திருக்கேன், ஒரு தடவைதான் பார்த்தேன், அதுக்கு மேல முடியல.

ரசிகர்கள் மேலதான் தப்புன்னு அன்னைக்குப் பழி போட்டாங்க. 2016ல இன்குவெஸ்ட்ங்கிற மரண விசாரணையோட ஜூரி அது சட்டவிரோதமான கொலை, ரசிகர்கள் மேல தப்பே இல்லன்னு தீர்ப்புச் சொல்ற வரைக்கும் 27 வருஷம் அந்தக் குடும்பங்க அலைஞ்சாங்க. நடுவுல இதை விசாரிச்ச நீதிபதி லார்டு ஜஸ்டிஸ் டெய்லர் 1990 ஜனவரியில குடுத்த அறிக்கையை வச்சுத்தான் எல்லா இடத்துலயும் சீட்டு போடணும்னு ஆச்சு. டெய்லரே நிக்கிறது அடிப்படையிலயே ஆபத்துன்னு சொல்லல, சீட்டு போட்டா கூட்டத்தைக் கட்டுப்படுத்துறது சுலபம்னுதான் சொன்னாரு, அந்த நுணுக்கம் பிற்பாடு எல்லாருக்கும் மறந்து போச்சு. 1992ல கவர்மெண்ட்டு கீழ ரெண்டு டிவிஷனுக்கு விலக்கு குடுத்திருச்சு, மேல ரெண்டு டிவிஷன் 1994க்குள்ள முழுக்க சீட்டா மாறணும்னு ஆச்சு. ஒரு காலத்துல இருபத்தெட்டாயிரம் பேர் நின்ன, லிவர்பூலோட ஆன்ஃபீல்டு கிரவுண்டுல இருக்கிற 'காப்'ங்கிற ஸ்டாண்டுல கடைசியா நின்னு பார்த்தது 1994 ஏப்ரல் 30, நார்விச் கூட, லிவர்பூல் 0-1 தோல்வி வேற.

அதனால இன்னைக்கும் டெரஸ்ல நின்னு பார்க்கணும்னா மூணாவது, நாலாவது டிவிஷனான லீக் ஒன், லீக் டூ பக்கம் போகணும், இல்லன்னா கீழ இருந்து ரெண்டாவது டிவிஷனான சாம்பியன்ஷிப்புக்கு ஏறி வந்த கிளப்பு, மாத்துறதுக்கு மூணு வருஷம் டைம் குடுப்பாங்க. டெரஸ்னா வெறும் கான்க்ரீட் படி, அங்கங்க சாஞ்சுக்க இடுப்பு உயரக் கம்பி, அவ்வளவுதான். எக்ஸிட்டர் கிளப்போட கிரவுண்டுல அவே டெரஸுக்கு மேல கூரையே கிடையாது, மழை பேஞ்சா குளிச்சுக்கிட்டே மேட்ச் பார்க்க வேண்டியதுதான்.

எனக்கு நேரடியா ரெண்டையும் ஒப்பிட சான்ஸ் கிடைச்சது பிரென்ட்ஃபோர்டோட பழைய கிரிஃபின் பார்க்குல, நாலு மூலையிலயும் நாலு பப்பு இருந்த கிரவுண்டு, 2020ல காலி பண்ணிட்டாங்க. வேற டீமுக்கு சப்போர்ட் பண்ற ஃப்ரெண்டு ஒருத்தனோட அவே எண்டுக்குப் போயிருந்தேன். அங்க அவே ஆளுங்களுக்கு கீழ டெரஸ், மேல சீட்டு, ரெண்டும் ஒரே ஸ்டாண்டுல. கீழ நின்னோம். கூட்டம் நம்மளை எடுத்துக்கிட்டுப் போகும், நின்ன இடம் வேற, கோல் விழுந்தப்புறம் இருந்த இடம் வேற, நாலு படி கீழ யாரோ ஒரு தாத்தாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். சந்தோஷம்னா அப்படி ஒரு சந்தோஷம். ஆனா என் ஃப்ரெண்டு குள்ளம், தொண்ணூறு நிமிஷத்துல அவன் பார்த்தது ஒரு கார்னர் கிக்கும் நிறைய முதுகும். மேல சீட்டுல இருந்தவங்க உக்காந்துதான் இருந்தாங்க! நிக்கணும்னு நெனச்சவன் எல்லாம் கீழ போயிட்டான், உக்காரணும்னு நெனச்சவன் மேல போயிட்டான், யாருக்கும் சண்டை இல்ல. உக்கார்ற டிக்கெட் வாங்கினவன் நிஜமாவே உக்காந்து பார்த்த அவே எண்டு நான் பார்த்ததுல அது ஒண்ணுதான். இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, என் பார்வையில நிக்க தனி இடம் குடுத்தாத்தான் உக்கார்றவனுக்கும் இடம் கிடைக்கும்.

டெரஸ்ல எவ்வளவு நெருக்கமா நிக்கலாம்னு இங்க ஒரு கணக்கு உண்டு, கிரீன் கைடுன்னு ஒரு புத்தகம், கிரவுண்டு பாதுகாப்புக்கு அதுதான் வேதம். பத்து சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 47 பேர். நம்ம கணக்குல ஒரு ஆளுக்கு ரெண்டே கால் சதுர அடி சொச்சம். வீட்டு மிதியடி அளவு கூட வராது. அது உச்ச வரம்புதான், படியோ கம்பியோ மோசமா இருந்தா அதை இன்னும் குறைப்பாங்க, பெரும்பாலான லீக் டூ கிரவுண்டுல கூட்டமே வராது, காலாற நடந்துக்கிட்டே பார்க்கலாம்.

இப்ப சீட்டு முன்னாடி நிக்கிற விஷயத்துக்கு வரேன், இதுலதான் எனக்கு நிஜமான கோபம். சாதா பிளாஸ்டிக் சீட்டோட முதுகு, அதுக்குப் பின்னாடி வரிசையில நிக்கிறவனுக்கு எங்க வரும்னு யோசிச்சுப் பாருங்க. முட்டிக்கிட்ட, இல்லன்னா அதுக்கும் கீழ. பின்னாடி இருந்து யாராவது தள்ளினா இடுப்புல தாங்க ஒண்ணும் இல்ல, முட்டியில தட்டி அப்படியே முன்வரிசை மேல தலைகுப்புற விழ வேண்டியதுதான். வடக்குல ஒரு கிரவுண்டுல, பேர் வேண்டாம், தொண்ணூத்தி மூணாவது நிமிஷம் எங்க ஆளு கோல் போட்டாரு. இங்க பசங்க அந்த நேரத்தை 'லிம்ப்ஸ்'னு சொல்லுவாங்க, கை எது கால் எதுன்னு தெரியாத ஒரு குவியல். எனக்குப் பின்னாடி நின்ன ரெண்டு பேர் மொத்தமா என் மேல, நான் முன்னாடி சீட்டு மேல, மடங்கி நின்ன சீட்டோட விளிம்பு முட்டிக்குக் கீழ முன்னெலும்புல வெட்டுச்சு. கத்திக்கிட்டே இருந்ததால அப்ப தெரியல. கோச்சுல ஏறி உக்காந்து பேண்ட்டைத் தூக்கிப் பார்த்தா சாக்ஸ் வரைக்கும் ரத்தம். கண்ணாடி போனது போனதுதான், அடுத்த நாள் வேலைக்குப் பழைய கண்ணாடியோட போனேன். தழும்பு இன்னும் இருக்கு, என் பொண்ணு கேட்டா சைக்கிள்ல விழுந்தேன்னு சொல்லி வச்சிருக்கேன்.

இதுலயும் மோசம் மேல் தட்டு. நியூகாசில்ல அவே ஆளுங்களை ஏழாவது லெவல்ல உக்கார வைப்பாங்க, பதினாலு தட்டுப் படி ஏறணும், பழனி மலை ஏறின மாதிரி மூச்சு வாங்கும், மேல போனா ஆட்டக்காரங்க கேரம் போர்டு காயின் மாதிரி தெரிவாங்க. ஆட்டத்தோட ஷேப் தெரியறதுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாதுங்கிறது வேற விஷயம். ஆனா அந்த மாதிரி செங்குத்தா இருக்கிற மேல் தட்டுல சாதா சீட்டுக்கு முன்னாடி நிக்கும்போது வயித்துல ஒரு கூச்சம் வரும். அங்க உண்மையிலேயே உக்காந்துட்டா தேவலன்னு எனக்கே தோணிருக்கு, சரிவு அதிகம்கிறதால முன்னாடி இருக்கிறவன் தலையும் அவ்வளவா மறைக்காது. ஆனா எவன் கேக்குறான்.

அப்புறம் வந்ததுதான் ரயில் சீட். இந்தப் பேரைக் கேட்டதும் என் மனைவி "அன்ரிசர்வ்டா, ஸ்லீப்பரா"ன்னு கேட்டா, நியாயமான கேள்வி, நம்ம காதுக்கு அப்படித்தான் விழும். இது ரயில்வண்டி ரயில் இல்ல, கைப்பிடிக் கம்பி. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னாடி இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பி, சீட்டு அதுலயே சேர்ந்து இருக்கும். நான் கம்பி சீட்டுன்னே சொல்றேன். ஒரு சீட்டுக்கு ஒரு ஆள், டெரஸ் மாதிரி கூடுதலா ஆளை அடைக்க முடியாது, பின்னாடி இருந்து எவ்வளவு தள்ளினாலும் கம்பி தாங்கும், குவியல் அந்த வரிசையோட நின்னுடும். சாஞ்சுக்கலாம், ரெண்டு மணி நேரம் நிக்கிறவன் இடுப்புக்கு அந்தக் கம்பி செய்யற உதவி சொல்லி மாளாது.

இது வர்றதுக்கு ஏன் அவ்வளவு வருஷம் ஆச்சுன்னா, ஹில்ஸ்பரோ காயம்தான், அந்தக் குடும்பங்கள்ல பலருக்கு நிக்கிறதுங்கிற வார்த்தையே வலி. ஸ்காட்லாந்துல அந்தச் சட்டம் பொருந்தாது, அதனால அங்க செல்டிக் கிளப்புல 2016லயே கிட்டத்தட்ட மூவாயிரம் இடம் போட்டாங்க. இங்கிலாந்துல முதல்ல போட்டது பெரிய கிளப்பு எதுவும் இல்ல, ஷ்ரூஸ்பரி டவுன், 2018ல, ரசிகர்கள்கிட்ட காசு வசூல் பண்ணி, ஐநூத்திச் சொச்சம் சீட்டு. அதே வருஷம், சட்டம் பொருந்துற மேல் டிவிஷன்ல இருந்த வெஸ்ட் பிராம் கிளப்பு நாங்களும் போட்டுப் பார்க்கிறோம்னு கேட்டதை அப்ப ஸ்போர்ட்ஸ் மினிஸ்டரா இருந்த ட்ரேசி கிரவுச் மறுத்துட்டாங்க, உடனே பெட்டிஷன்ல ஒரு லட்சம் கையெழுத்தைத் தாண்டி பார்லிமெண்ட்ல விவாதமே வந்துச்சு. கடைசியா 2022 ஜனவரி 2, செல்சியோட ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் கிரவுண்டு, செல்சி லிவர்பூல் 2-2, அன்னைக்குத்தான் பிரீமியர் லீக்ல மறுபடி சட்டப்படி நின்னு பார்க்க அனுமதி. செல்சியோட சேர்த்து மான்செஸ்டர் கிளப்பு ரெண்டு, டாட்டன்ஹாம், கார்டிஃப், மொத்தம் அஞ்சு கிளப்புல சோதனை, அடுத்த சீசன்ல இருந்து விருப்பப்பட்ட எல்லாருக்கும். ஹோம் ஆளுங்களுக்கு மட்டும் இல்ல, அவே ஆளுங்களுக்கும் சேர்த்துங்கிறது அந்தச் சோதனையிலயே இருந்துச்சு, இது எனக்குப் பிடிச்ச விஷயம், விருந்தாளியை மறக்கல. டாட்டன்ஹாம் அந்தப் புது ஸ்டேடியத்தைக் கட்டும்போதே கம்பி வச்சுத்தான் கட்டினாங்க, 2019 ஏப்ரல்ல தொடக்க மேட்ச்சே எங்க டீமோட, 0-2 தோத்தோம், திறப்பு விழாவுக்கு மொய் வச்சுட்டு வந்த மாதிரி.

என் மனைவி ஒரு தடவை டெரஸுக்கு வந்தா, ஒரு தடவை கம்பி சீட்டுக்கு வந்தா. டெரஸ் இனிமே வேண்டாம்னுட்டா, கூட்டம் உரசிக்கிட்டே இருக்கு, யார் கை எங்க இருக்குன்னு பார்க்கிறதா மேட்ச்சைப் பார்க்கிறதான்னு கேட்டா, ஆம்பளைங்க நாங்க யோசிக்காத பாயிண்ட்டு. கம்பி சீட்டு அவளுக்குப் பிடிச்சிருந்துச்சு, எனக்குன்னு ஒரு இடம் இருக்கு, ஹாஃப் டைம்ல பாத்ரூம் கியூ முடிச்சுட்டு வந்தாலும் அது என் இடம்தான்னா. ஹாஃப் டைம்ல எல்லாரும் உக்காருவாங்க, அந்தப் பதினஞ்சு நிமிஷம் காலுக்கு அமிர்தம்.

கம்பி சீட்டுலயும் குறை இல்லாம இல்ல. அது வந்தப்புறம் அவே எண்டுல நிக்கிறது இன்னும் உறுதியாகிடுச்சு, உக்காரணும்னு நெனக்கிற பெரியவங்களுக்கு இப்ப ஸ்டூவர்டுகிட்ட புகார் சொல்லக் கூட வழியில்ல, நிக்க அனுமதி இருக்கேங்கன்னுடுவாங்க. அதைவிட, அவே டிக்கெட் மூவாயிரத்துல எத்தனை கம்பி சீட்டு, எத்தனை சாதா சீட்டுன்னு கிரவுண்டுக்கு கிரவுண்டு மாறும், டிக்கெட் எடுக்கும்போது எல்லா கிளப்பும் அதைத் தெளிவா காட்டுறதும் இல்ல. ஃபோன் பண்ணிக் கேட்டாத்தான் உண்டு. ஒரு தடவை டிக்கெட் ஆபீஸ் ஒண்ணுல முப்பது நிமிஷம் பாட்டுக் கேட்க வச்சுட்டு "எங்களுக்குத் தெரியல, அங்க போய்ப் பார்த்துக்கோங்க"ன்னாங்க.

விலையில வித்தியாசம் கிடைக்குமான்னு தம்பி கேட்டான். பிரீமியர் லீக்ல கிடையாது, 2016ல இருந்து அவே டிக்கெட்டுக்கு அதிகபட்சம் 30 பவுண்டுன்னு வரம்பு இருக்கு, நின்னாலும் உக்காந்தாலும் பெரும்பாலும் அதேதான். கீழ டிவிஷன்ல டெரஸுக்கு ரெண்டு மூணு பவுண்டு குறைப்பாங்க. விலைக்காகவே நிக்கணும்னா ஜெர்மனி போகணும், டார்ட்மண்டோட தெக்கு ஸ்டாண்டுல கிட்டத்தட்ட இருபத்தஞ்சாயிரம் பேர் நிப்பாங்க, அவே ஆளுங்களுக்கும் நிக்கிற டிக்கெட் தனி, உக்கார்ற டிக்கெட் தனி, நிக்கிறது பாதி விலைக்கும் கீழ. யாரு எதை வாங்கினாங்களோ அதைச் செய்வாங்க. அதைப் பார்த்துட்டு வந்தா இங்க நடக்கிறது சின்னப் புள்ளைங்க விளையாட்டு மாதிரி இருக்கும்.

குழந்தைங்க விஷயம் தனி. என் பொண்ணுக்கு எட்டு வயசு, அவளைச் சாதா சீட்டு அவே எண்டுக்குக் கூட்டிட்டுப் போனா அவ பார்க்க ஒரே வழி சீட்டு மேல ஏறி நிக்கிறது, மடங்குற சீட்டு அது, கால் இடுக்குல மாட்டினா முடிஞ்சது கதை, ஒரு கையால அவ ஜாக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டே தொண்ணூறு நிமிஷம் இருக்கணும். கம்பி சீட்டும் அவ உயரத்துக்கு சரி வராது, கம்பி நேரா மூஞ்சிக்கு வரும். காலி டெரஸ் இருக்கிற லீக் டூ மேட்ச்னா ஜம்முனு இருக்கும், முன்னாடி சுவத்துக்கிட்ட நிக்க வச்சுட்டா கோல்கீப்பர் கூட பேசிக்கிட்டே பார்ப்பா. ஒரு கோல்கீப்பர் திரும்பி அவளுக்குக் கையாட்டினாரு, அன்னைல இருந்து அந்த டீம் ஸ்கோரை எங்க டீமுக்கு முன்னாடி செக் பண்றா.

தம்பிகிட்ட முடிவா சொன்னது இவ்வளவுதான். நீ மட்டும் போறியா, ஃப்ரெண்ட்ஸோட போறியா, கண்ணை மூடிக்கிட்டு கம்பி சீட்டு எடு, இல்லாட்டி ஒரு சனிக்கிழமை லீக் டூ பக்கம் போய் டெரஸ் ஒரு தடவை பார்த்துட்டு வா, ரெண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கோ, கான்க்ரீட் குளிர் ஷூ அடியில இருந்து ஏறும். சாதா சீட்டுதான் கிடைக்குதுன்னா படிக்கட்டு ஓரம் எடுக்காத, கோல் விழுந்தா மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம்தான் சரியும். அப்பாவைக் கூட்டிட்டுப் போறதுன்னா முதல்ல கிளப்புக்கு ஃபோன் போட்டு, தொடர்ந்து நிக்க முடியாத பெரியவர் வர்றாருன்னு சொல்லி முதல் வரிசை கேளு. முதல் வரிசைன்னா முன்னாடி ஆளே கிடையாது, உக்காந்தாலும் மறைக்காது. மழை நேரா மூஞ்சில அடிக்கும், கூரை பாதி கிரவுண்டுல அது வரைக்கும் வராது, விளம்பரப் பலகை கொஞ்சம் மறைக்கும், ஸ்டூவர்டு அடிக்கடி குறுக்க நடப்பாரு, அதெல்லாம் சாவிக்கொத்தைப் பார்க்கிறதுக்கு எவ்வளவோ மேல். தூண் இருக்கான்னும் கேட்டுக்கோ. எங்க ஹோம் கிரவுண்டு செல்ஹர்ஸ்ட் பார்க்குலயே அவே ஆளுங்க இருக்கிற ஸ்டாண்டுல தூணும் உண்டு, பின் வரிசையில கூரை தாழ்வா வேற இருக்கும், பந்து மேல போனா எப்ப கீழ வரும்னு காத்துக்கிட்டே இருக்கணும், வந்தவங்க பாவம்.

"முதல் வரிசை இல்லன்னு சொன்னா அண்ணா?"ன்னான்.

"இல்லன்னா அப்பாவை ஹோம் மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போ, அவே மேட்ச்சுக்கு நீயும் நானும் போவோம்"னேன்.

நேத்து சாயங்காலம் மெசேஜ் வந்துச்சு. முதல் வரிசை ரெண்டு சீட்டு கிடைச்சிருச்சாம், குடை கொண்டு போலாமான்னு அவங்க அப்பா கேக்குறாராம். பெரிய குடையை டர்ன்ஸ்டைல்லயே வாங்கி வச்சிடுவாங்க, தொப்பி வச்ச ரெயின்கோட்டு ஒண்ணு வாங்கிக் குடுன்னு பதில் போட்டிருக்கேன்.